அந்தப் பெண் நட்ட வெங்காயப் பாத்தி

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகன் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். நடுநடுவே, "அப்பாயி, சித்தெ நில்லுங்க, பேச்சு எங்கியோ போவுது" என்கிறாள். போகட்டும். தாராபுரம் சந்தைக்குக் கிளம்பினாலும் நான் வழியில் நாலு வீட்டில் மோர் குடித்துவிட்டுத்தான் போவேன். ஆனாலும் இந்தச் சங்கதியில் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதில் தப்புப் பண்ணினது நான்தான்.

பேத்தி படிக்கிற காலேஜுக்கும் ஏதோ ஒரு குளிர் தேசத்துக் காலேஜுக்கும் தொடர்பு இருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகள் லீவு விட்டதும் வந்து, மருந்து அடிக்காமல் விவசாயம் பண்ணுகிற தோட்டத்தில் பன்னிரண்டு நாள் சும்மா வேலை செய்துவிட்டுப் போவார்களாம். கூலி கிடையாது. எங்கள் தோட்டத்துக்கு ஆறு பேர் வரப்போகிறார்கள் என்று பேத்தி சொன்னதும் எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. இங்கே கையைக் காலைப் பிடித்தாலும் களை பறிக்க ஆள் வராது. விடிந்ததும் பனியன் கம்பெனி பஸ் வந்து அத்தனை பேரையும் அருள்புரத்துக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். அப்படி அள்ளிக்கொண்டு போகிறதில் ஒரு பஸ் என் மகனுடையதுதான், அவன் பனியன் கம்பெனிக்காரன். ஞாயிற்றுக்கிழமை வந்து வரப்பில் நடந்துவிட்டுப் போவான். மற்ற நாளெல்லாம் தோட்டம் என் பாடு. எனக்குத் துணை ரெண்டு நாட்டு மாடும், கூப்பிட்டால் வருகிற நாலு பொம்பளைகளும்.

ஆனி மாதம் வந்தார்கள். எங்கள் ஊரில் ஆனிக் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியுமா? காயப்போட்ட சேலை அடுத்த காட்டில் போய்க் கிடக்கும். வேனில் இருந்து இறங்கினதும் ஒரு பையனுடைய தொப்பி பறந்து கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. ஆறு பேரும் கைகொட்டிச் சிரித்தார்கள். எனக்கு அப்போதே அவர்களைப் பிடித்துப் போய்விட்டது. என் மகன் செய்த கூத்தைக் கேளுங்கள். வந்தவர்களுக்கு வணக்கம் சொன்ன கையோடு ஒரு பையனின் சட்டைக் காலரைத் திருப்பித் தையலைப் பார்க்கிறான்! "அம்மா, இது நம்ம ஊர்ல ஓட்டுனதுங்க, பாருங்" என்று அவனுக்கு ஒரே பெருமை. அந்தப் பையன் தன்னைப் போலீஸ் சோதனை போடுகிறது என்று நினைத்தானோ என்னவோ, ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

முதல் ரெண்டு நாள் நான் அவர்களை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. மண்வெட்டியை எடுத்தால் பிடுங்கி வைத்தேன். சாணிக் கூடையைத் தொட்டால் கையைத் தட்டிவிட்டேன். கம்மஞ்சோறு, எள்ளு உருண்டை, இளநீர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, கட்டிலைப் போட்டு உட்காரவைத்தேன். மூன்றாம் நாள் அவர்களோடு வந்த டீச்சரம்மா பேத்தியிடம் போய் முறையிட்டிருக்கிறாள்.

"அப்பாயி, அவிய வேல செய்யத்தான் வந்திருக்கறாங்க. வேல செஞ்சாத்தான் காலேஜ்ல மார்க்காமா. நீங்க உக்கார வெச்சுச் சோறு போட்டா எப்புடிங்க?"

"ஒறம்பரையா விருந்துக்கு வந்தவியள வெயில்ல நிறுத்தி வேல வாங்கறதா? நாலு பேரு என்னைய என்ன பேசுவாங்க?"

"அவிய ஒறம்பரை இல்லீங்க அப்பாயி."

"என்ற ஊட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சுப்போட்டா ஒறம்பரைதான்."

அப்புறம் ஒரு வழியாகச் சம்மதித்தேன். ஆளுக்கொரு பாத்தி பிரித்துக் கொடுத்தேன். அன்று வியாழக்கிழமை. வெங்காயப் பட்டம் அது, விதை வெங்காயம் கைவசம் இருந்தது.

ஆறு பேரில் ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நெட்டையாக இருப்பாள். கன்னமெல்லாம் எள்ளைத் தூவினது மாதிரிப் புள்ளி. மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு நட்டார்கள். இவள் மட்டும் ஒவ்வொரு வெங்காயத்தையும் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரிப் போட்டாள். பேத்தியை விட்டு ஏன் என்று கேட்கச் சொன்னேன். அவள் சொன்னதைப் பேத்தி எனக்குச் சொன்னாள். அந்தப் பெண்ணின் தாத்தா உருளைக்கிழங்கு போட்ட காடு ஒன்று அவர்கள் ஊரில் இருக்கிறது. தாத்தா காலமான பிறகு அது சும்மா கிடக்கிறது. அப்பன்காரன் விற்றுவிடலாம் என்கிறான். இவளோ, படிப்பு முடிந்ததும் நான் அதில் விவசாயம் பண்ணுகிறேன் என்கிறாள். "ஒரு தொட்டிச் செடியைக்கூட உன்னால காப்பாத்த முடியல, உனக்குக் காடு எதுக்கு?" என்று அப்பன் கேலி பண்ணியிருக்கிறான். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்திருக்கிறார்கள். இங்கே இவள் தன் கையால் எதையாவது நட்டு முளைக்க வைத்துப் படம் எடுத்து அனுப்பினால், அவன் விற்காமல் ஒரு வருசம் பொறுப்பான்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு, "மொளைக்கும் கண்ணு, பாரு, பொலபொலன்னு மொளைக்கும்" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, "ஆமாங்க அப்பாயி" என்றாள். நட்டு முடித்ததும் வேப்பமரத்தடியில் நின்று பாத்தியை முழுசாக ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அவள் நட்ட லட்சணம்! வரிசை பாம்பு போனது மாதிரி வளைந்து கிடந்தது. அத்தனை வெங்காயத்துக்கும் வேர்ப்பக்கம் மேலே, முளைப்பக்கம் கீழே. சனிக்கிழமை என் ஓரகத்தி அந்த வழியாக மொபெட்டில் வந்தாள். அவள் காடு எங்களுக்கு எதிரே. வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, கோழியப் புடிச்சு உட்டீங்களா?"

"எதுக்குடி?"

"பாத்தியக் கீறிப்போட்டுப் போயிருக்குதே, அதான் கேட்டனுங்க. ஓ, வெள்ளக்காரப் புள்ள நட்டதா? இயற்கை விவசாயம்னா இப்புடித்தானுங்களா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். உரம் போடாமல் ஆரம்பித்த வருசம் என்னை ஊரே சிரித்தது. அதில் இவள் சிரிப்புத்தான் பெரிசு. இப்போது மறுபடி சிரிக்கக் காரணம் கிடைத்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. பேத்தி அத்தனை பேரையும் வேனில் ஏற்றி அமராவதி டேமுக்கு முதலை பார்க்கக் கூட்டிப்போனாள். நான் என் பொம்பளைகளைக் கூப்பிட்டுவிட்டேன். அவர்களில் மூத்தவள் பாத்தியைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆத்தா, அந்தப் புள்ள ஆசையா நட்டதுங்க. அது பாட்டுக்குக் கெடக்குட்டுமே."

"ஏ புள்ள, மொளைக்காமப் போனா அது அழுவாதா? புடுங்கு. கயிறு கட்டி நேரா நடுங்க."

ஒருத்தி பிடுங்கின வெங்காயத்தை என் கையில் கொடுத்தாள். வேர்ப்பக்கத்தில் வெள்ளையாக, பூனை மீசை மாதிரி, நாலு வேர் விட்டிருந்தது. தலைகீழாக நட்ட வெங்காயம்தான். அப்படி இருந்தும் வேர் பிடிக்க ஆரம்பித்திருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கூடையில் போட்டேன். மத்தியானத்துக்குள் புது வெங்காயம் நட்டு, காற்றுக்கு ஈரம் காயாமல் இருக்க மேலே சோளத்தட்டைப் பரப்பிவிட்டோம். பிடுங்கினதை வீணாக்குவானேன் என்று உரித்து ராத்திரிக் குழம்பில் போட்டேன். முதலை பார்த்துவிட்டுப் பசியோடு வந்த பெண் அந்தக் குழம்பை ரெண்டு தரம் வாங்கி ஊற்றிக்கொண்டாள். "நல்லா இருக்குதுங்க" என்று பேத்தி சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டுதான் ஊற்றினேன்.

அதற்கப்புறம் தினமும் எழுந்ததும் பாத்தியண்டைதான் போய்க் குந்துவாள். தட்டைக்குள் மூக்கை நுழைத்துப் பார்ப்பாள். வெள்ளிக்கிழமை வரை ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை பச்சை ஊசி மாதிரி முளை தெரிந்தது. அவள் போட்ட சத்தத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். எழுபது வயசுக்கு மேல் என்னை யாராவது அப்படித் தூக்கியிருக்கிறார்களா? நானும் பச்சைப்பிள்ளை மாதிரிச் சிரித்தேன்.

தட்டை விலக்கிவிட்டு, வேப்பமரத்தடிக்கு ஓடிப்போய் முழுப் பாத்தியையும் படம் எடுத்தாள். முதல் நாள் எடுத்த படத்தையும் இதையும் சேர்த்து அப்பனுக்கு அனுப்ப வேண்டும் என்று போனில் தேடினாள். அப்படியே நின்றுவிட்டாள். போனைப் பார்த்தாள், பாத்தியைப் பார்த்தாள், வரிசையை விரல் விட்டு எண்ணினாள். அவள் நட்டது பதினொரு வரிசை. இப்போது நேர்க்கோடு போட்ட மாதிரி ஒன்பது வரிசை இருந்தது.

பேத்தி என்னைப் பார்த்தாள். "அப்பாயி, என்ன பண்ணுனீங்க?"

சொன்னேன். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொன்னேன். ஓரகத்தி பேசினதை மட்டும் சொல்லவில்லை. பேத்தி அவள் பாஷையில் சொல்லச் சொல்ல, அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த புள்ளியெல்லாம் சிவந்துபோயிற்று. கத்தியிருந்தால் தேவலாம். மெதுவாக ஒன்றுதான் கேட்டாள். பேத்தி அதை எனக்குச் சொன்னாள்.

"அவ நட்டது அப்புடியே உட்டிருந்தா மொளைச்சிருக்குமான்னு கேக்கறா."

முளைத்திருக்கும். தலைகீழாக நட்டாலும் வெங்காயம் தானாக வளைந்து மேலே வந்துவிடும், நேராக நட்டதைவிட மூணு நாள் கூட ஆகும், அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த புதிதில் நானே அப்படி நட்டு மாமியாரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். அந்த வேரையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் முளைத்திருக்கும் என்று சொன்னால், அப்புறம் எதற்குப் பிடுங்கினாய் என்று கேட்பார்களே?

"மொளைச்சிருக்காது கண்ணு" என்றேன்.

பேத்தி அதை அப்படியே சொன்னாள். அந்தப் பெண் தலையை ஆட்டினாள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் போய் அப்பனிடம் பேசினாள். இது நான் நட்டது இல்லை, நான் நட்டது முளைத்திருக்காது, நீங்கள் சொன்னது சரிதான் என்று சொன்னதாகப் பேத்தி அப்புறம் சொன்னாள். படத்தைக் காட்டி ஏமாற்றியிருக்கலாம். அவனுக்கு வெங்காயத்தைப் பற்றி என்ன தெரியும்? அந்தப் பிள்ளைக்கு அது தோன்றவில்லை. மறுநாள் கிளம்பும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எள்ளு உருண்டை கட்டிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

இது போன வருசம். இந்தத் தை மாதம் பேத்தி போனைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் புள்ளையோட தாத்தங்காட்ட வித்துப்போட்டாங்களாமா அப்பாயி" என்றாள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். வேர் விட்டதைச் சொன்னேன். ஓரகத்தி சிரித்ததைச் சொன்னேன்.

பேத்தி போனைக் கீழே வைத்தாள். அப்புறம், "என்ற வாயாலயே அவகிட்டப் பொய்யச் சொல்ல வெச்சுட்டீங்களே" என்றாள். ஓரகத்தி சிரித்ததைவிட இது ஆயிரம் மடங்கு உறைத்தது. ஒறம்பரை என்று சொல்லிச் சொல்லி, வந்த பிள்ளை கேட்ட ஒரே ஒரு பாத்தியைக்கூட நான் அதற்கு விட்டுவைக்கவில்லை.

போனைக் கொடுக்கச் சொல்லி என் குரலிலேயே பேசி அனுப்பினேன். "கண்ணு, உன்ற வெங்காயம் மொளைச்சிருக்கும். மூணு நாளு கூட ஆயிருக்கும், அவ்வளவுதான். வேரு உட்டிருந்துச்சு, நான் பாத்தனுங் சாமி. பொய் சொல்லிப்போட்டேன்." பேத்தி அதை அவள் பாஷையில் எழுதியும் அனுப்பினாள்.

ரெண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. கோபமில்லை என்று இருந்தது. அப்பா கேட்டபோது நானே விற்றுவிடச் சொல்லிவிட்டேன், அது உங்கள் தப்பில்லை என்று இருந்தது. கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. விட்டுவைத்திருந்தால் நான் ஊருக்குக் கிளம்புவதற்குள் முளைத்திருக்குமா, நான் பார்த்திருப்பேனா என்று.

நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். அவள் நட்டது வியாழன். நாங்கள் பிடுங்கி நட்டது ஞாயிறு, மூணு நாள் கழித்து. நாங்கள் நட்டது முளைத்தது சனி. அவளுடையது மூணு நாள் கூட எடுத்துக்கொண்டாலும் அதே சனிக்கிழமைதான். அதே சனிக்கிழமை, எழுந்ததும் வந்து குந்தியிருப்பாள், பார்த்திருப்பாள்.

"இத எப்புடிங்க அப்பாயி அனுப்பறது?" என்று பேத்தி போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கிழமையோட சேத்து அப்புடியே அனுப்பு" என்றேன்.