கதவைச் சாத்திவிட்டு சி.ஏ.

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து பிரியதர்ஷினி சி.ஏ. படிக்க ஆரம்பித்ததற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அவள் புருஷன் தேவேந்திரன் அம்பாசமுத்திரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். தன் கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கத்தான் பெண்டாட்டி இப்படிக் கஷ்டப்படுகிறாள் என்று நம்பி அவன் உருகிப் போனான். அவளுடைய அம்மாவோ மாப்பிள்ளையின் கடை படுத்துவிட்டது போல என்று பயந்து, பாளையங்கோட்டையிலிருந்து போன் போட்டு அழுதாள். எதிர்வீட்டு வேணி, சின்ன வயதிலிருந்தே லட்சியமாக இருக்கும் என்றாள். ஒரு மண்ணும் இல்லை. பிரியதர்ஷினிக்கு மத்தியானம் கொஞ்சம் தூங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தூக்கத்துக்கும் ஆடிட்டர் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் மணிமுத்தாறு போகிற சாலையில் குடியிருந்து பார்த்திருக்க மாட்டார்கள். தேவேந்திரனின் வீடு அந்தச் சாலையில், பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்தில் இருந்தது. அவன் அம்மா தங்கத்தாய் பிறந்தது ராதாபுரம் பக்கம். அங்கே பனை உண்டு, காற்றாலை உண்டு, ஆசைதீரக் குளிக்கத் தண்ணீர் மட்டும் கிடையாது. அதனால் அந்தப் பக்கத்துச் சொந்தபந்தம் மொத்தமும் வேன் பிடித்து மணிமுத்தாறு அருவிக்கு வரும். குளித்தால் பசிக்கும். பசித்தால் தங்கத்தாய் வீடு திரும்புகிற வழியிலேயே இருக்கிறது. ஈரத்துண்டும் எண்ணெய் வாசனையுமாக இறங்கி, “சும்மா பாத்துட்டுப் போவோம்னு வந்தோம்” என்று சொல்லிக்கொண்டே பந்திக்கு உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரு தடவை வெள்ளம் வந்து அருவியில் குளிக்கத் தடை போட்டார்கள். பிரியதர்ஷினி அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு சாமி படத்துக்குக் கூடுதலாக ஒரு விளக்கு ஏற்றினாள். அன்றைக்கு வேன் வழக்கத்தைவிட முந்தியே வந்து நின்றது.

“குளிக்க விட மாட்டேங்கான் மருமவளே. சரி, தங்கத்தாயையாவது பாப்போம்னு வந்துட்டோம்” என்றார் பலவேசம். அவர் தங்கத்தாயின் கூடப்பிறந்த அண்ணன். வேனுக்கும் பசிக்கும் அவர்தான் தலைவர். நல்ல மனுஷன்தான், அதில் குறை சொல்ல முடியாது. சாப்பிட்டு முடித்து ஏப்பம் விடும்போது சமைத்தவளைக் கட்டாயம் வாழ்த்துவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வாழ்த்தையும் வாங்கிக்கொண்டு, எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பிரியதர்ஷினி உள்ளறைக்குள் போனாள். பாய் எடுக்கப் போன இடத்தில் பீரோவுக்குப் பின்னால் அவளுடைய பழைய பி.காம் புத்தகம் ஒன்று கிடந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தவள் அப்படியே கண் செருகிப்போனாள். காப்பி கேட்கலாம் என்று பலவேசம் எட்டிப்பார்த்தார்.

“என்ன மருமவளே, படிக்கியா?”

“ஆமா மாமா” என்றாள். தூக்கக் கலக்கத்தில் நாக்கு அவள் பேச்சைக் கேட்கவில்லை. “சி.ஏ.ன்னு ஒண்ணு.”

பலவேசம் ஒரு காலத்தில் காற்றாலைக்கு நிலம் கொடுத்த விஷயமாக ஓர் ஆடிட்டரைப் பார்க்கப் போய், நாள் முழுக்க வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியவர். அன்றிலிருந்து ஆடிட்டர் என்றால் அவருக்குச் சாமிக்கு அடுத்தபடி. கேட்க வந்த காப்பியை மறந்து, பைய நாலடி பின்னால் வைத்துக் கதவைச் சாத்தினார். வெளியே அவர் குரல் கேட்டது.

“லே, டிவிய அமத்து. யாரும் சத்தம் போடாதிய. நம்ம பிள்ளை ஆடிட்டருக்குப் படிக்கா!”

காய்ச்சல் என்று படுத்தால்கூட “ரசத்த மட்டும் வச்சிட்டுப் படுத்துக்கோ” என்று சொல்கிற வீடு அது. அன்றைக்கு ஒருவரும் கதவைத் தட்டவில்லை. குழந்தைகளைத் தெருவுக்கு விரட்டினார்கள். இருமல் வந்தவர்கள் கொல்லைப்பக்கம் போய் இருமினார்கள். வேன் கிளம்பிப் போனதுகூடத் தெரியாமல் பிரியதர்ஷினி தூங்கி எழுந்தாள். இத்தனை சுகமான ஒரு படிப்பு இருக்கும்போது பி.காமோடு ஏன் நிறுத்தினோம் என்று அவளுக்கு வருத்தமாகவே இருந்தது.

சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று அந்த வாரமே பதிவு செய்தாள். பி.காமில் வாங்கிய மார்க்குக்கு நேராக இரண்டாம் கட்டமான இன்டருக்குப் போக வழியில்லை. அடியிலிருந்து, பவுண்டேஷனிலிருந்து வா என்றார்கள். அதனாலென்ன, அவள் எந்த அவசரத்திலும் இல்லை. ஆன்லைன் வகுப்பின் முதல் நாள், ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார் வாத்தியார். ஒருத்தன் அப்பாவின் கனவு என்றான். ஒருத்தி சமுதாயத்தில் மதிப்பு என்றாள். பிரியதர்ஷினி, “மனசுக்கு ஒரு நிம்மதி கெடைக்கும் சார்” என்றாள். வாத்தியார் நெகிழ்ந்துபோய், எல்லாரும் கவனிக்க வேண்டிய பதில் என்றார்.

அப்புறம் பரீட்சை வந்தது. தூங்கியவள் எழுதினால் என்ன மார்க் வருமோ அதுதான் வந்தது.

ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு தேவேந்திரன் அவள் தோளில் கை வைத்தான். “போதும் பிரியா. எனக்காவ நீ இவ்ளோ கஷ்டப்பட வேண்டாம். ஜி.எஸ்.டி.க்கு நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்.”

பிரியதர்ஷினியின் கண் உள்ளறைக் கதவுக்குப் போனது. பரீட்சை போனால் போகட்டும், கதவு போய்விடுமே! வருகிற ஞாயிற்றுக்கிழமை வேன் வரும். அடுப்படிக்குக் கதவே கிடையாது.

அப்போது தங்கத்தாய் கையில் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்தாள்.

“எவம்லே போதும்னு சொன்னது? நீ பத்தாப்ப எத்தன தடவ எழுதுன? அப்ப நான் போதும்னா சொன்னேன்? அவ பாட்டுக்குப் படிக்கட்டும்.”

பிரியதர்ஷினிக்குக் கண் நிறைந்துவிட்டது. இவள் கதவைச் சாத்திக்கொள்கிற நேரமெல்லாம் அடுப்படியில் தனியாக நின்று வேகிறது இந்த அத்தைதானே. இனிமேல் தூங்கக் கூடாது, உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அன்று ராத்திரியே முடிவெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டிலைப் பார்த்ததும் முடிவு கலைந்துபோனது.

அன்றைக்கு வேன் நிறைய ஆள். ஃபெயிலான பிள்ளைக்கு மூளை குளிரட்டும் என்று பலவேசம் நுங்கு கொண்டுவந்திருந்தார். ஆடிட்டருக்குப் படிக்கிறவளை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அருவிக்கே போகாத இரண்டு பேர்கூட ஏறி வந்திருந்தார்கள். பிரியதர்ஷினி வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். கண் அசந்த நேரம் கதவு திறந்தது. தங்கத்தாய் உள்ளே வந்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கொண்டியைப் போட்டாள்.

பிரியதர்ஷினி அடித்துப் பிடித்து எழுந்தாள். “இல்ல அத்தை, கண்ண மூடி மனப்பாடம் பண்ணிக்கிட்டு…”

“மனப்பாடம் பண்ணுதவ கொறட்டையா விடுவா?”

“எப்பத்துலருந்து தெரியும்?”

“மொத நாளே தெரியும்.”

“பின்ன ஏன் அத்தை யார்ட்டயும் சொல்லல?”

தங்கத்தாய் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டாள். “நான் வாக்கப்பட்டு வந்து முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு பிள்ளே. வந்து எறங்குதவனுக்கெல்லாம் பொங்கிப் போட்டிருக்கேன். இந்த ரூமுக்குக் கதவு ஒண்ணு இருக்கே, அதச் சாத்தலாம்னு எனக்கு ஒரு நாளும் தோணலியே.” காலைக் கட்டிலில் தூக்கி வைத்தாள். “எனக்கும் ஒண்ணு எழுதிப் போடு.”

“எத அத்தை?”

“அந்த சி.ஏ.வத்தான்.”

பிரியதர்ஷினிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. “நீங்க எட்டாப்புதான அத்தை? அதுக்குப் பன்னெண்டு பாஸாயிருக்கணும்.”

“அது ஒனக்குத் தெரியும். எங்க அண்ணனுக்குத் தெரியுமா?”

பதிலுக்குக் காத்திராமல் தங்கத்தாய் கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “ஏண்ணே! நானும் சேந்துட்டேன்! மருமவகூடச் சேந்து படிக்கேன்!”

வெளியே இருந்த சளசளப்பு சட்டென்று அடங்கியது. அப்புறம் பலவேசத்தின் குரல், முன்னைவிட பயபக்தியோடு வந்தது. “லே, வாயப் பொத்துங்கலே. இப்ப ரெண்டு பேரு படிக்காவ.”

“அப்பம் சோறு?” என்று யாரோ கேட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பழக்கமில்லாத கை ஒன்று உலைப்பானையை இழுக்கும் சத்தம் வந்தது. அரிசி கொட்டுகிற சத்தம். “ஏ தங்கத்தாயி, உப்பு எங்கன…” என்று ஆரம்பித்த ஒரு குரலை இன்னொரு குரல், “கேக்காதலே, படிக்காவ” என்று அடக்கியது.

தங்கத்தாய் அதையெல்லாம் கேட்கவில்லை. கட்டிலின் நடுவில் கைகாலை நன்றாக நீட்டிப் படுத்து, மூச்சு இழுத்து விடுவதற்குள் தூங்கிவிட்டாள். பட்டப்பகலில் அவள் தூங்கி பிரியதர்ஷினி பார்த்ததேயில்லை. எழுப்ப மனம் வரவில்லை. ஃபேனை ஒரு சுற்று கூட்டி வைத்துவிட்டுத் தனக்கு எங்கேயாவது இடமிருக்கிறதா என்று பார்த்தாள். கட்டிலில் இல்லை. பாய் வெளியே பந்திக்குப் போயிருந்தது. வெளியே போனால் உப்பு எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள். வேறு வழியில்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிரியதர்ஷினி படிக்க ஆரம்பித்தாள்.