உறிஞ்சக் கூடாது

சகாயிதே ஊரில் யசுமாசாவின் உடோன் நூடுல்ஸ் கடை விடிந்ததும் திறந்துவிடும். திறப்பதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. கொப்பரையில் வெந்த முதல் உடோனை ஒரு கிண்ணத்தில் போட்டு, யசுமாசா நின்றபடியே சர்ரென்று உறிஞ்சுவார். மெல்லமாட்டார். அந்தப் பக்கத்து ஆட்கள் உடோனை மெல்லுவதில்லை. பதம் பார்ப்பது பல்லின் வேலை அல்ல, தொண்டையின் வேலை. விரல் பருமனான அந்தக் கோதுமை இழை வழுக்கிக்கொண்டு இறங்கும்போதே, இன்னும் எவ்வளவு வேக வேண்டும், மாவில் உப்பு போதுமா என்று சொல்லிவிடுவார். அதுதான் அன்றைய தீர்ப்பு. பதம் தப்பினால் வாடிக்கையாளர்கள் சண்டைக்கெல்லாம் வரமாட்டார்கள். பேசாமல் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள். அங்கே தெருவுக்கு நாலு உடோன் கடை.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஐம்பது வயதில் ஞானப்பல் வினையாக வந்து சேர்ந்தது. இடது தாடையின் கோடியில், சோம்பேறி மாதிரி குறுக்கே படுத்துக்கொண்டிருந்த பல். வீங்கும், வடியும், மறுபடி வீங்கும். யசுமாசாவும் சளைக்காமல் சாக்குச் சொன்னார். கோடையில் கூட்டம், மழைக்காலத்தில் மாவு படுத்துகிறது, இலையுதிர் காலத்தில் கோயில் திருவிழா. உண்மையில் மனிதருக்கு ஊசி என்றால் உதறல்.

கடைசியில் ஒருநாள் வாயே திறக்கவில்லை. பேருந்து ஓட்டுநர் ஹமாதா, தினமும் முதல் ஆளாக வருபவர், கிண்ணத்தை நீட்டிக்கொண்டே கேட்டார்: "என்ன முதலாளி, கன்னத்துல ஒரு உருண்டை மாவ அடக்கி வச்சிருக்கீங்களா?"

அன்று மாலையே மனைவி ஹருயோ அவரை டாக்டர் நாகாவோவிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மாவும் கடைக்கு வருகிறவர்தான்.

"ஈறைக் கீறி, பல்ல ரெண்டா உடைச்சுத்தான் எடுக்கணும்" என்றார்.

யசுமாசா தலையாட்டினார்.

"எடுத்த பிறகு ஒரு வாரம் எதையும் உறிஞ்சக் கூடாது. குழியில கட்டுற ரத்தம் பிடுங்கிட்டு வந்துடும். அப்புறம் வலி உயிரை எடுக்கும்."

"அப்ப உடோன்?"

"சாப்பிடுங்களேன். கத்தரிக்கோலால துண்டு துண்டா நறுக்கி, கரண்டியில."

"அது கைக்குழந்தைக்குக் குடுக்கறதும்மா!"

தாடையைக் கீறுவதற்குச் சம்மதித்த மனிதர் இதற்கு மல்லுக்கு நின்றார். ஒரு வாரம் பதம் பார்க்காவிட்டால் கடை என்னாவது? ஹருயோ சாதாரணமாகச் சொன்னாள்: "நான் பாக்கறேன்."

யசுமாசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ நீகாதாக்காரி. உங்க ஊர்ல அரிசிதான். சோறு பதம் கேட்டா சொல்லு."

கொப்பரையடியில் நின்று இருபது வருடமாக வெந்தவள் அவள். அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "சரி, அப்ப அந்தப் பல்லயே வச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க" என்று எழுந்துவிட்டாள். பல் அந்த நேரம் பார்த்து ஒரு குத்துக் குத்தியதால் யசுமாசா சம்மதித்தார். இல்லாவிட்டால் இன்றுவரை அதே பல்லோடுதான் இருந்திருப்பார்.

ஊசி போட்டதும் பாதி முகம் யாருடையதோ ஆகிப்போனது. டாக்டரம்மா உள்ளே கடமுடவென்று உடைத்துக்கொண்டே, "சாறுக்குக் கருவாடு நிறையப் போடறீங்களோ?" என்று விசாரித்தார். தொழில் ரகசியத்தை மறைக்க யசுமாசாவுக்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்ததில்லை.

மறுநாள் காலை, பூசணிக்காய் முகத்தோடு மூலையில் உட்கார்ந்து பார்த்தார். ஹருயோ முதல் கிண்ணத்தை எடுத்தாள். சர்ர்! ஆண்பிள்ளை தோற்கும் சத்தம். கண்ணை மூடித் திறந்து, "இன்னும் கொஞ்சம் வேகட்டும்" என்றாள். அவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

ஹமாதா வந்தார், உறிஞ்சினார். யசுமாசா அவர் தொண்டையையே பார்த்தார். ஹமாதா கிண்ணத்தை வழித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

"எப்பிடி?" என்றார் யசுமாசா, அரை வாயால்.

"எப்பிடின்னா? எப்பவும் போலத்தான்."

எப்பவும் போலவா! அவர் மனைவியை முறைத்தார். ஹருயோ கொப்பரையைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "வசந்த காலத்துலேர்ந்தே நான்தான் பாக்கறேன். வலியில நீங்க குத்துமதிப்பா ஏதோ சொல்லிட்டு, தொட்டுக்க வறுவல் போடப் போயிடுவீங்க. நான் பின்னாடி ஒரு வாய் இழுத்துப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

யசுமாசாவுக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, அப்புறம் அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. அந்த அவஸ்தையைப் பார்த்து ஹமாதாவும் சிரித்தார். நறுக்கிய உடோனை அன்று யசுமாசா எல்லார் எதிரிலும் கரண்டியால் சாப்பிட்டார்.

வாரம் முடிந்து தையல் பிரித்தார்கள். டாக்டரம்மா உறிஞ்ச அனுமதி கொடுத்தார். மறுநாள் விடியலில் யசுமாசா ஆசையாக முதல் கிண்ணத்தை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்தார். வலி இல்லை. தொண்டை பழையபடி பேசியது.

"இன்னும் ஒரு கொதி" என்றார்.

ஹருயோ கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் உறிஞ்சினாள். "வேணாம். இதுதான் பதம். எடுங்க."

வாசலில் ஹமாதாவின் செருப்புச் சத்தம் கேட்டது. யசுமாசா கொப்பரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வலைக்கரண்டியைக் கொப்பரைக்குள் விட்டு உடோனை எடுத்தார்.