சம்பூர்ணா என்றால் போதும்

எங்கள் வீட்டில் நான் மூன்றாவது பெண். பெயர் சம்பூர்ணா. ஆறாம் வகுப்பில் புதிதாக வந்த தமிழ் டீச்சர் ஒவ்வொருவர் பெயருக்கும் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். என் முறை வந்தபோது, "வடமொழிப் பேரு. முழுமையானவள், ஒரு குறையும் இல்லாதவள்னு அர்த்தம். அம்பாளுக்கே பொருந்துற பேரு. உங்கப்பா யோசிச்சு வெச்சிருக்காரு" என்றார்.

அன்று மாலை வீட்டுக்கு ஓடினேன். அத்தை பட்டு நூலை ராட்டையில் சுற்றிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க அர்த்தத்தைச் சொன்னேன்.

"முழுமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொண்ணு போதும்னு வெச்ச பேரும்மா அது. நீ பொறந்த சேதி சொல்லப் போனா உங்கப்பன் தறிய விட்டு எழுந்துக்கவே இல்ல. போதும்பொண்ணுன்னு வெச்சா பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க, அதையே சமஸ்கிருதத்துல, முடிஞ்சிதுங்கற அர்த்தத்துல வெச்சிக்கோன்னு குருக்கள்தான் சொன்னாரு. அதுக்கப்புறம்தானே உன் தம்பி பொறந்தான்? ராசியான பேரு."

அத்தை கேலியாகச் சொல்லவில்லை. ஊரறிந்த சங்கதியைச் சொல்வதுபோலச் சொன்னாள். அம்மா பக்கத்தில்தான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மறுப்பாள் என்று பார்த்தேன். முறத்தில் அரிசியை இன்னொரு முறை புடைத்தாள், அவ்வளவுதான்.

அப்பாவிடம் கேட்க எனக்கு இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆயிற்று. பக்கவாதம் வந்து அவர் விழுந்தபோது தம்பிக்குச் சென்னையில் வேலை, அக்காமார் வெளியூரில். செவிலிமேட்டில் இருந்த என் வீட்டில்தான் மூன்று வருடம் படுத்திருந்தார். குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் நான்தான். ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது கேட்டுவிட்டேன்.

"அப்பா, பொண்ணு போதும்னுதான் எனக்கு இந்தப் பேரு வெச்சியா?"

அவருக்குச் சங்கடமாக இருக்கும், ஏதாவது சொல்லி மழுப்புவார், அதையே சாக்காக வைத்து மன்னித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். குழறிக் குழறி, "அப்படி வெச்சதாலதானேம்மா தம்பி பொறந்தான்" என்றார். பிறகு அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தார்.

ஊட்டினேன். வேறென்ன செய்வது?

அவர் இறந்த மறுவருடம் தம்பிக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. அதுவும் பெண். போன் செய்தான். "அக்கா, பாப்பாவுக்கு உன் பேரையே வெக்கலாம்னு இருக்கோம்."

அப்பாவைப் பார்த்துக்கொண்டதை நினைத்துச் சொல்கிறான் போல என்று தோன்றியது.

"ஏன்டா திடீர்னு?"

"அம்மாதான் சொன்னாங்க. நம்ம வீட்டுல பலிச்ச பேராச்சே" என்று சிரித்தான். இன்ஜினியரிங் படித்தவன்.

பெயர் சூட்டுவதைக் காஞ்சிபுரத்தில் எங்கள் பழைய வீட்டில் வைத்தார்கள். அத்தைமுறைக்காரி குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். தம்பி குழந்தையை என்னிடம் நீட்டினான்.

"நான் சொல்ல மாட்டேன்."

"நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிக்காத" என்றாள் அம்மா. "அந்தப் பேரால உனக்கு என்ன கொறஞ்சிபோச்சி?"

"நான் பொறந்ததே கொறைன்னுதானேம்மா வெச்சீங்க."

தம்பியின் மாமியார் குழந்தையை வாங்கி, அவரே மூன்று முறை சொல்லி முடித்தார்.

பிறகு உள்ளறைக்குப் போனேன். தம்பி மனைவி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இவளுக்காவது தெரியட்டும் என்று, பெயர் வந்த கதையைச் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

"தெரியும் அண்ணி. நான்தான் சரின்னு சொன்னேன். ரெண்டும் ஆபரேஷன். இன்னொண்ணு வேணாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஆனா இவங்க விட மாட்டாங்க. அடுத்தது பையனா இருந்தா அதோட என்னை விட்டுருவாங்க இல்ல?"

அப்போது அம்மா உள்ளே வந்து, பால் குடித்து முடித்த குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நான் வாசல்பக்கம் திரும்பினேன்.

"சம்பூர்ணா... என் கண்ணு... என் தங்கம்..."

சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டேன். அம்மா குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் அவள் என்னைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

சாப்பிட இலை போட்டாயிற்று என்று யாரோ சொன்னார்கள். பசியில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.