நாகையா கேட்டுவைத்த சொல்

1911இல் கிள்ளான் ஆற்றங்கரையில் ஒரு ரப்பர் கிட்டங்கி இருந்தது. பெட்டிகளைக் கப்பியில் கட்டிப் படகில் இறக்குவது நாகையாவின் வேலை. அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்த சபாபதி கடல் கடந்து அவருடன் ஒரே கப்பலில் வந்தவர்.

ஒருநாள் இரண்டு பெட்டிகளைச் சேர்த்துக் கட்டச் சொன்னார் சபாபதி.

"வேணாம் சபாபதி, கயிறு சிக்கிக்கும்."

"துரை அவசரப்படுறார். கட்டு."

கயிறு கப்பியில் சிக்கி அறுந்தது. கீழே நின்ற இராமலிங்கத்தின் கால் நசுங்கியது.

விசாரணைக்கு முன் சபாபதி நாகையாவைத் தனியே அழைத்தார். "நீ பேசாம நில்லு. தப்பு என்னோடதுன்னு துரைகிட்ட நானே சொல்லிடுறேன்."

நாகையாவுக்கு ஆங்கிலம் தெரியாது. சபாபதி பேசியதில் 'ஸ்னார்ல்' என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. அன்றே நாகையாவின் வேலை போயிற்று.

"தப்பு என்னோடதுன்னு எவ்வளவோ மன்னிப்புக் கேட்டேன், துரை கேக்கலயே" என்று சபாபதி அழுதார். நாகையாதான் அவரைத் தேற்றினார்.

நாகையா மனைவி மாரியாயியோடு பக்கத்து நகரத்தின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு வந்து செங்கல் சூளையில் சேர்ந்தார். மன்னிப்புக்கு ஆங்கிலச் சொல் ஸ்னார்ல் என்றே நம்பியிருந்தார். ஒருநாள் மார்க்கிரட் டீச்சர் வீட்டில் செங்கல் இறக்கும்போது கை பட்டு ஒரு பூந்தொட்டி உடைந்தது.

"ஸ்னார்ல், அம்மா" என்றார் பணிவாக.

யாழ்ப்பாணத்துக்காரரான டீச்சருக்குப் புரியவில்லை. விவரம் கேட்டுக்கொண்டு அகராதியைப் புரட்டினார்.

"இது மன்னிப்பு இல்லை, ஐயா. கயிறு முடிச்சு விழுந்து குழம்பிக் கிடக்கிறதைச் சொல்லுறது. முதல்ல கண்ணிக்குப் பேர், பறவை பிடிக்கிற சுருக்கு. கயித்தை நீங்கள்தான் சிக்காக்கினீங்கள் எண்டு சொல்லியிருப்பார் போல."

நாகையா செங்கல் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் கிள்ளான் போனார். "ஸ்னார்ல்னா என்ன சபாபதி?"

சபாபதி தலை நிமிரவில்லை. "எனக்கு வேற வழி தெரியல."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா பழிய நானே ஏத்திருப்பேனே. அழுது வேற காட்டினியே!"

இராமலிங்கத்துக்காவது உண்மை தெரியட்டும் என்று அவர் வீட்டுக்குப் போனார். கோலூன்றி வாசலுக்கு வந்த இராமலிங்கம் எல்லாவற்றையும் கேட்டார்.

"மாசாமாசம் அரிசி அனுப்புறது கிராணிதான். நீங்க ஒரு நாள் எட்டிப் பார்த்தீங்களா? அவரையா குத்தம் சொல்றீங்க?"

கதவு சாத்தப்பட்டது. நாகையா அதன்பின் கிள்ளான் பக்கம் போகவே இல்லை.