வயிற்றில் பை வைத்த பறவை

சித்தப்பா வரைந்த பறவைக்கு முதலில் பல் இருந்தது. அது என் ஐடியா. எனக்கு அப்போது ஏழு வயது. பல் இல்லாத எதையும் பயங்கரம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சித்தப்பாவுக்குச் சென்னையில் அனிமேஷன் கம்பெனியில் வேலை. சித்தி நிறைமாதமாகப் பூம்புகாரில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். கூப்பிட்டதும் ஓட வசதியாக இருக்கட்டும் என்று சித்தப்பா கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, உர மூட்டை கிடந்த அறையைக் காலி செய்து உட்கார்ந்துவிட்டார். படத்தின் கதை இதுதான்: வெள்ளத்தில் ஊர் மூழ்குகிறது, ஒரு பறவை கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. உலகத்தில் எங்குமே இல்லாத பறவை. அதை உண்டாக்குவதுதான் அவர் வேலை.

கொக்கிடமிருந்து காலை எடுத்தார். மயிலிடமிருந்து கழுத்தை எடுத்தார். பிள்ளையை எதில் தூக்குவது என்பதில்தான் மாட்டிக்கொண்டார். நகத்தில் தூக்கினால் பருந்து கோழிக்குஞ்சை அடித்துப் போவது மாதிரி இருந்ததாம். கடைசியில் வயிற்றில் ஒரு பை வைத்தார். அதோடு பல்லும் போயிற்று.

"புள்ளைய வச்சுக்கிட்டு எதுக்குடி பல்லு?" என்றார். அன்று முழுக்க நான் அவரோடு டூ.

பிறகு அந்தப் பை மேல் அவருக்குப் பித்துப் பிடித்தது. பிறப்பதற்கு முன் பிள்ளைக்கு ஒரு துணிகூட வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சித்தப்பா போனில் குட்டி குட்டி சாக்ஸ் பார்த்துக்கொண்டிருந்ததை அம்மா கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"தம்பி, பொறக்கட்டும். கடையவே வேணாலும் வாங்கிக் குடுங்க. இப்ப வேணாம்."

வாங்கத்தானே தடை? வரைவதற்கு யாரும் தடை போடவில்லை. அறுப்பு முடிந்த வயலில் வாத்துக்காரர்கள் பட்டி போட்டிருந்தார்கள். அங்கே உதிர்ந்து கிடந்த மெத்தென்ற இறகுகளை நான் பொறுக்கி வர, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்துப் பைக்குள் வரைந்தார். மழை உள்ளே இறங்காமல் இருக்க விளிம்பில் ஒரு மடிப்பு. மூச்சு விட ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி. கழுத்துக்கு ஓர் அணைப்பு.

"பச்சப்புள்ளைக்குத் தல நிக்காதுல்ல."

உள்ளே இருப்பதெல்லாம் படத்தில் தெரியவே தெரியாது என்று டைரக்டர் போனில் சொன்னார். "தெரியாட்டி என்ன சார், உள்ள இருக்க புள்ளைக்குத் தெரியும்ல" என்று இவர் சிரித்தார்.

ஒரு மத்தியானம் பூம்புகாரிலிருந்து போன் வந்தது. சித்தப்பா சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். பெண் குழந்தை. உயிரில்லாமல் பிறந்திருந்தது. இது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு எனக்குச் சொன்னது, "பாப்பா வரல." பஸ் வரவில்லை என்பது மாதிரி எடுத்துக்கொண்டேன். அடுத்த பஸ்ஸில் வந்துவிடும்.

திரும்பி வந்த சித்தப்பா முதல் வேலையாகப் பையை எடுத்துவிட்டார். பறவையின் வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது.

"ஏன் சித்தப்பா?"

"டைரக்டர் வேணாம்னுட்டாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் பொறுக்கிய இறகு அது! மறுநாள் ஸ்பீக்கரில் அந்த டைரக்டரே கேட்டார்: "என்னங்க, பையக் காணோம்? அதுதானே அழகு?"

"பொய்! சித்தப்பா பொய் சொல்லிட்டாரு!" என்று வீடு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். சித்தப்பா போனில், "சரியா வரல சார்... சரியா வரல சார்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தி வந்த அன்று எல்லோரும் அவளிடம் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினார்கள். ரசம் ஊத்தவா, அப்பளம் வேணுமா. நியாயம் கேட்க என்னை விட்டால் ஆளில்லை.

"சித்தி, சித்தப்பா பறவைக்குப் பை வச்சுட்டு எடுத்துட்டாரு. உள்ள மெத்தையெல்லாம் இருந்துச்சு."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். சித்தி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு அந்த அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"காட்டுங்க."

"வேணாம்மா."

"அழிச்சிட்டீங்களா?"

சித்தப்பா கம்ப்யூட்டரில் எதையோ அழுத்தினார். பை வந்துவிட்டது! அழிக்கவே இல்லை, மறைத்துத்தான் வைத்திருக்கிறார். கள்ளன்.

சித்தி பார்த்துக்கொண்டே நின்றாள். "தல சாயாம இருக்கக்கூட வச்சிருக்கீங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "இதையே அனுப்பிடுங்க. அந்தப் படத்துப் புள்ளையாவது படுத்துக்கட்டும்."

கேஸில் நான் ஜெயித்துவிட்டேன். கை தட்டிக் குதித்தேன். அவர்கள் இருவரும் ஏன் சேர்ந்து குதிக்கவில்லை என்று விளங்கவில்லை. சித்தப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தி மானிட்டரை ஒட்டி உட்கார்ந்து, பைக்குள் ஒரு விரலை வைத்து, இறகை நீவிவிடுவது மாதிரி மெல்ல மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். பாவம், கம்ப்யூட்டர் பழக்கமில்லை போல என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"சித்தி, அது டச் ஸ்க்ரீன் இல்ல."