ஐந்தாம் மாடி விற்பனைக்கு

இன்ஷிராஹ் வீட்டை விற்கப் போகிறாள் என்பது அலெக்சாண்ட்ரியாவின் முஹர்ரம் பெய் பேட்டையில் அவளுடைய தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ரொட்டிக் கடைக்காரன் விலை கேட்டான், இஸ்திரிக்காரன் விலை சொன்னான். ஒன்றும் தெரியாதவளைப் போல இருந்தவள் ஒருத்திதான், நேர் கீழே நான்காம் மாடியில் குடியிருக்கும் தவ்லத். இரண்டு பேருக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

முப்பத்திரண்டு வருஷம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள் இன்ஷிராஹ். வளைகுடாவுக்குச் சம்பாதிக்கப் போன புருஷன்மாரையும் அலெக்சாண்ட்ரியாவில் அழுதுகொண்டிருந்த மனைவிமாரையும் இணைத்துவிட்டே ஓய்வு பெற்றாள். கீழ் மாடிக்கு மட்டும் அவளால் இணைப்புக் கொடுக்க முடியவில்லை. புருஷன் ராகிப் காலமாகி ஆறு வருஷமாகிறது. பிள்ளை இல்லை. லிஃப்ட் நின்று ஒன்பது வருஷம். தொண்ணூற்றாறு படி ஏறி ஏறி இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மருந்து எழுதித் தராமல், "வீட்ட மாத்துங்க" என்று சொல்லிவிட்டார்.

மாற்றுவதற்கு வீடும் கிடைத்திருந்தது. பின்தெருவில் தரைத்தளம், இரண்டு அறை. வெயில் எட்டிப் பார்க்காது, ஆனால் வாசலில் ஒரே ஒரு படிதான். பதினெட்டு லட்சம் பவுண்டு. வீட்டுக்காரர் நல்ல மனுஷர், நான்காம் மாதத்தின் கடைசி வியாழன் வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் இவளுடைய வீடு விற்றாக வேண்டும்.

தரகர் அஷ்மாவி முதல் நாள் ஏறி வந்தபோது கூடத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் மூச்சு வாங்கினார். மூச்சு வந்ததும் விலை வந்தது.

"என்ன எதிர்பாக்குறீங்க ஹாஜ்ஜா?"

"ரெண்டாம் மாடி இருபத்தஞ்சுக்குப் போச்சு. என் வீடு அதவிடக் காத்தோட்டம். கடல் தெரியும்."

"எங்க தெரியுது?"

சமையலறை ஜன்னலுக்கு அழைத்துப் போனாள். எதிரே இரண்டு அடுக்குமாடிகள். ஸ்டூல் போட்டு ஏறிக் கழுத்தை வளைத்தால், அவற்றுக்கு நடுவே கைக்குட்டை அகலத்துக்கு நீலமாக ஏதோ தெரியும்.

"இது கடலா, யாராவது காயப்போட்ட துணியா?" என்றார் அஷ்மாவி. "சரி, கடல்னே போட்டுடுவோம். ஆனா லிஃப்ட் இல்லாத கட்டடம். ரெண்டாம் மாடிக்கு மேல மாடிக்கு ஒரு லட்சம் கழிச்சுக்கங்க. இருபத்திரண்டுல ஆரம்பிப்போம்."

அதற்குப் பிறகு வீட்டைச் சீவிச் சிங்காரிக்கும் வேலை. இன்ஷிராஹ் சேமிப்பில் கைவைத்துச் சுவருக்கெல்லாம் வெண்ணெய் நிறம் அடித்தாள். கடல் காற்றில் உப்பு பூத்துக் கிடந்த குளியலறைச் சுவரைச் சுரண்டிப் பூசினாள். விருந்தாளிகளுக்கான, தங்கமுலாம் பூசிய சாலோன் நாற்காலிகள் கல்யாணத்துக்கு வாங்கியவை. பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலேயே முப்பத்தெட்டு வருஷம் ஓட்டியிருந்தாள். அவை கூடத்தைச் சின்னதாகக் காட்டுகின்றன என்று அஷ்மாவி சொன்னதால் வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள். உறை கழற்றி ஒருநாள்கூட உட்காராமல் போனதே என்று அன்றைக்கு அவளுக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் எரிச்சல் என்று தெரியாததால் தரகரைத் திட்டினாள்.

ஆள் வரும் நாட்களில் அவளுக்கு முதுகு ஒடியும். காலையிலேயே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவாள், ஏனென்றால் வருகிறவன் முதலில் குழாயைத்தான் திறந்து பார்ப்பான். சாம்பிராணி போடுவாள். வானொலியில் குர்ஆன் ஓதுவதை மெதுவாக வைப்பாள். வந்தவர்கள் முன்னால் நொண்டாமல் நடப்பாள், அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அவர்கள் போனதும் கட்டிலில் விழுந்து, தேநீர் போடக்கூட எழுந்திருக்க மாட்டாள்.

வந்தவர்கள் எல்லோருக்கும் வீடு பிடித்தது. சிலர் அலமாரியை எங்கே வைப்பது என்றுகூடப் பேசினார்கள். இறங்கிப் போனார்கள், அத்தோடு சரி. விலை இருபதுக்கு இறங்கியது, பிறகு பதினெட்டுக்கு. அதற்குக் கீழே அவளால் இறங்க முடியாது. நான்கு மாதம் ஓடி, கடைசி வியாழனுக்கு மூன்று நாள் இருக்கும்போது அஷ்மாவி காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

"ஹாஜ்ஜா, கோளாறு உங்க வீட்ல இல்ல. கீழ் வீட்ல."

"அவ என்ன சொல்றா?"

"ஒண்ணுமே சொல்லலையே, அதான் வினை! வீடு வாங்குறவன் எவனும் அக்கம்பக்கத்துல விசாரிக்காம முன்பணம் குடுப்பானா? இறங்கும்போது அந்தக் கதவத் தட்டிக் கேக்குறான். அந்தம்மா, 'மேல் வீட்டப் பத்தி எனக்குத் தெரியாது, எங்களுக்குள்ள பேச்சில்ல'ன்னு சொல்லிக் கதவச் சாத்திடுது. தண்ணி ஒழுகுதோ, பங்காளி வழக்கோ, பேய் பிசாசோன்னு அவன் பயந்து ஓடுறான். எனக்கும் அதே கதவுதான், மூக்குக்கு நேராச் சாத்திச்சு. பெயிண்டுக்கு அவ்வளவு கொட்டினீங்களே, ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்பு வாங்கிட்டுப் போயிருக்கக் கூடாதா?"

"நான் அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"அப்ப தொண்ணூத்தாறு படியையும் மிதிச்சுட்டே இருங்க," என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அந்தச் சண்டைக்குக் காரணம் துணி. தவ்லத் மகள் நிஸ்ரீனின் சீருக்காக வாங்கிய கருநீலப் படுக்கை விரிப்புகள் கீழ்க்கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. மேல்கொடியில் இன்ஷிராஹ் வெளுப்புத் தண்ணீரில் முக்கிய துணியைச் சரியாகப் பிழியாமல் போட்டுவிட்டாள். எட்டு விரிப்பிலும் வெள்ளைப் புள்ளி. மன்னிப்புக் கேட்கத்தான் இறங்கினாள். தவ்லத் படியில் நின்று, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி, "புள்ள பெத்திருந்தாத்தானே சீரோட அருமை தெரியும்!" என்றாள். இன்ஷிராஹ் பாதிப் படியிலேயே திரும்பிவிட்டாள். விரிப்புக்குப் பணம் கொடுத்திருக்கலாம். அந்த வார்த்தைக்கு யார் என்ன கொடுப்பது?

மறுநாள் பகல் முழுக்க யோசித்தாள். முழங்கால் வலித்தது. மானம் பெரிதா முழங்கால் பெரிதா என்று பார்த்ததில், அறுபத்து நாலு வயதில் முழங்கால்தான் பெரிதென்று தோன்றியது. பஸ்பூஸாவை வீட்டிலேயே செய்து, தட்டோடு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

தவ்லத் கதவைத் திறந்தாள். தட்டைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. தினமும் படியில் கடந்து போகிறவளின் தலை எப்போது நரைத்தது என்று இன்ஷிராஹ்வுக்குத் தெரியவில்லை.

"உள்ள வாங்கக்கா," என்றாள் தவ்லத். "நிக்காதீங்க, கால் வீங்கியிருக்கு."

இருவரும் உட்கார்ந்தார்கள். தவ்லத்தான் ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நான் சொன்னது மனுஷி சொல்ற வார்த்தை இல்லக்கா. சொல்லி முடிக்கல, நாக்கக் கடிச்சுக்கிட்டேன்."

"கடிச்சது சரி, மேல வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கதவத் திறப்பீங்களோ மாட்டீங்களோன்னு..."

"சரி விடு. துணிய நானும் ஒழுங்காப் பிழிஞ்சிருக்கணும்."

தவ்லத் தேநீர் கொண்டுவந்தாள். இன்ஷிராஹ் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள். "வீட்ட விக்கிறேன். யாராவது வந்து கேட்டா நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"விக்கிறீங்கன்னு தெரியும். பதினேழு பேர் ஏறி இறங்கினாங்க, எண்ணிட்டுத்தான் இருந்தேன்." தவ்லத் தேநீரில் சர்க்கரை போட்டுக் கலக்கினாள், கலக்கிக்கொண்டே இருந்தாள். "எங்க பையன் ஹைதம் குவைத்ல இருந்து வந்துட்டான்க்கா. நிச்சயம் பண்ணியாச்சு. ஒரு வருஷமா வீடு தேடினோம். போன மாசந்தான் ஊருக்கு அந்தக் கடைசில, அகமில வாங்கினான். ரெண்டு வண்டி மாறி ஒண்ணரை மணி நேரம் போகணும் அவனப் பார்க்க."

இன்ஷிராஹ் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவுக்கு?"

"இருபத்தொண்ணு. உங்க வீட்ட விடச் சின்னது." தவ்லத் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மேல் வீட்டக் கேளும்மான்னு மூணு தடவை சொன்னான். அம்மா தலைக்கு மேலயே இருப்பேனேன்னான். எனக்கும் ஆசைதான். அவகிட்டப் போய் நிக்க மாட்டேன்னு நான்தான் அடம் பிடிச்சேன். கடைசில அவனே போய்க் கேக்குறேன்னான். போனா என் பொணத்தத் தாண்டித்தான் போகணும்னுட்டேன்."

கோபம் வரும் என்று இன்ஷிராஹ் காத்திருந்தாள். வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. அந்தப் பையன் ஏறி வந்திருந்தால், தவ்லத் மகன் என்று தெரிந்ததும் அவனை வாசலோடு அனுப்பியிருப்போம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"வந்திருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன், தவ்லத்," என்றாள்.

"தெரியும்க்கா."

இருவரும் ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தார்கள்.

மறுநாளே தவ்லத் வேலையை ஆரம்பித்தாள். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் மேல் வீட்டைப் புகழ்ந்தாள். ஆனால் வியாழக்கிழமை அவளுக்காகக் காத்திருக்கவில்லை. தரைத்தள வீட்டை ஒரு மருந்துக் கடைக்காரர் கிடங்குக்கென்று வாங்கிக்கொண்டார். அஷ்மாவி இப்போது இன்ஷிராஹ்வுக்கு வேறொரு வீடு பார்த்து வைத்திருக்கிறார். விலை தோது, சுவர் புதுசு, அக்கம்பக்கத்தார் தங்கமானவர்களாம். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.