உள்ளங்கையில் மிளகளவு தோல்

எங்கள் கம்பெனியில் லைனுக்குள் போகும் முன் கை காட்ட வேண்டும். கையுறை மாட்டுவதற்கு முன்னால் வரிசையாக நின்று இரண்டு உள்ளங்கைகளையும் விரிப்போம். நகம், வெட்டுக்காயம், மருதாணி, உரிந்த தோல் எல்லாவற்றையும் சூப்பர்வைசர் அக்கா பார்ப்பார். செல்போனுக்குள் போகிற சர்க்யூட் பலகையில் ஒரு பொடி விழுந்தாலும் அந்தப் பீஸ் வீண். இரண்டாயிரத்துப் பத்து, பதினொன்று வாக்கில், சுங்குவார்சத்திரத்தில் லேடீஸ் ஹாஸ்டல் ஒன்றில் ஆறு பேர் ஓர் அறையில் இருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது, என் கை உரியத் தொடங்கியிருந்தது.

முதலில் அரிப்பு, பிறகு சிவப்பு, அதற்கப்புறம் இடது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே வெள்ளைப் பொருக்கு. ஸ்பிரிட் தொட்ட துணியால் பலகை துடைப்பதுதான் என் வேலை. ஷிப்ட் முடிந்து கையுறையைக் கழற்றினால் கை ஊறிப்போய் வேறு யாருடையதோ போல இருக்கும். ஊரிலிருந்து அம்மா போனில் மருத்துவம் சொன்னாள். "கரப்பான்தான் அது. கத்திரிக்காயத் தொடாத, கருவாட்டத் தொடாத." ஹாஸ்டலில் வாரத்துக்கு நாலு நாள் கத்திரிக்காய் சாம்பார். நான் எதைத் தொடாமல் இருப்பது?

பஸ் ஸ்டாப் பக்கத்து மெடிக்கலில் சீட்டு கேட்காமல் ஒரு ட்யூப் கொடுப்பார்கள். மூன்று நாள் தடவினால் கை பளிச்சென்று ஆகிவிடும். நிறுத்தினால் ஒரு வாரத்தில் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். எங்கள் அறையில் சீப்பு, கண்ணாடி மாதிரி அந்த ட்யூபும் ஆறு பேருக்கும் பொது.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் போனேன். ஒரு டாக்டர் எக்ஸிமா என்றார், கையுறையும் ஸ்பிரிட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, வேலையை விட்டால் போய்விடும் என்றார். அடுத்த முறை இருந்தவர் சோரியாசிஸ் என்றார். அது உடம்போடு பிறந்தது, எந்த வேலைக்குப் போனாலும் கூடவே வரும் என்றார். எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். லைனை விடுவதா, இருப்பதா? வீட்டில் என்னை நம்பித் தம்பி படித்துக்கொண்டிருந்தான். சும்மா ஒரு சந்தேகத்துக்காக வேலையை விட முடியாது.

மூன்றாம் முறை ஒரு டாக்டரம்மா என் கையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "உள்ளங்கைல இது ரெண்டும் மைக்ராஸ்கோப்புல ஒண்ணு மாதிரியே தெரியும்மா. நாங்க ஒரு ஆராய்ச்சி பண்றோம். உன் உடம்புல எல்லா செல்லுலயும் ஒரே ஜீன்தான், ஆனா எல்லாம் ஒரே நேரத்துல வேலை செய்யாது. சோரியாசிஸ்ல சிலது ரொம்ப வேலை செய்யும், எக்ஸிமால வேற சிலது. துளி தோல் எடுத்து எது எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளந்தா ரெண்டையும் பிரிச்சிடலாம்னு பாக்கிறோம்."

எங்கள் கம்பெனியை வைத்து எனக்கு உடனே புரிந்தது. கம்பெனி ஒன்றுதான், ஆட்களும் அவர்களேதான். எந்த லைன் ஓடுகிறது என்று பார்த்தால் எந்த மாடல் வெளியே வரும் என்று நாங்களே சொல்லிவிடுவோம்.

"தோல் எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் எந்த ட்யூபும் போடக் கூடாது. தேங்காய் எண்ணெய் மட்டும்," என்றார். தோல் எடுத்த இடத்தில் தையல் போடுவார்களாம், அதைப் பிரிக்கப் பத்து நாள் ஆகுமாம். தையலோடு கை காட்ட முடியாது. ஊரில் காதுகுத்து என்று சொல்லிப் பத்து நாள் லீவு வாங்கினேன். அதற்கு மேல் கேட்க முடியாது. முந்தைய இரண்டு வாரமும் லைனில்தான் ஓட்டியாக வேண்டும்.

ஆறாம் நாள் கை வெடித்தது. சூப்பர்வைசர் அக்கா சேரப்பணஞ்சேரிக்காரர், நல்ல மனுஷிதான், ஆனால் வாசலில் நின்றால் வேறு ஆள். "இன்னாமா இது, தோலு உரிஞ்சுகினு கீது? பீஸ் மேல கொட்டுச்சின்னா யாரு பதில் சொல்றது? இன்னிக்கு வூட்டுக்குப் போ. இன்னொரு தபா இப்டி வந்தா ஆபீசுக்கு எழுதிடுவேன்."

ஆபீஸுக்கு எழுதினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். நாங்கள் ட்ரெய்னிகள், ஒரே நாளில் நிறுத்திவிடலாம். அறைக்குத் திரும்பியதும் திருநெல்வேலிக்காரத் தோழி ட்யூபை நீட்டினாள். "ஏளா, லேசா தேச்சிட்டுப் போ. அந்த டாக்டரம்மாவா வந்து உன் லைன்ல நிக்கப் போறா?" தேய்த்தேன். லேசாகத்தான் தேய்த்தேன், ஆனால் லீவு தொடங்கும் நாள்வரை தினமும்.

ஆஸ்பத்திரியில் ஊசி போடும் முன் டாக்டரம்மா கேட்டார். "எதுவும் போடலியே?"

"இல்ல டாக்டர்."

மிளகளவு தோல். எடுத்ததை ஒரு சின்னக் குப்பியில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். உள்ளங்கையில் ஊசி ஏறும் வலி விரோதிக்கும் வரக் கூடாது.

நாலு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். "உன் தோல்ல ஒண்ணும் தெரியலம்மா. எக்ஸிமா ஜீனும் அடங்கிக் கிடக்கு, சோரியாசிஸ் ஜீனும் அடங்கிக் கிடக்கு. ஸ்டீராய்டு ட்யூப் போட்டா இப்படித்தான் இருக்கும்." மொத்த லைனையும் நிறுத்திவிட்டு, எந்த மாடல் என்று அவரைக் கேட்டிருக்கிறேன். "போட்டியா?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் திட்டவில்லை, அவரும் களைத்திருந்தார். "உங்க பக்கத்துலேர்ந்து வந்த பொண்ணுங்க அஞ்சு பேர். அஞ்சு பேரும் போடலன்னுதான் சொன்னீங்க. ஏன்மா?"

கை காட்டுவதைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அவர் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம். இன்னொரு முறை எடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன். தோல் எடுக்கும் வேலையே முடிந்துவிட்டது என்றார்.

அதன் பிறகு மூன்று வருடம் அதே லைனில் இருந்தேன். சோரியாசிஸாக இருந்தால் வேலையை விட்டு என்ன பயன் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை வெடித்தது, தேய்த்தேன், மறுபடி வெடித்தது. கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது என்று எங்களில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். மறைமலை நகரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். ட்யூப் வாங்கவில்லை. இரண்டே மாதத்தில் கை சரியாகிவிட்டது, திரும்பி வரவேயில்லை. அது உறைத்த அன்று கடையில் சேலை மடித்துக்கொண்டே அழுதேன். அத்தனையும் அந்த ஸ்பிரிட்டும் கையுறையும்தான். மூன்று வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது.

அந்த டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு விடுமுறை நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாற்றலாகிப் போய்விட்டாராம். அவர் நாற்காலியில் இருந்த சின்ன டாக்டரிடம், பழக்க தோஷம், இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.

"கை நல்லாத்தானேம்மா இருக்கு. எதுக்கு வந்தீங்க?" என்றார்.